முந்நூற்றுப் பதினெட்டு மரணங்கள்

மதியன் பொய் சொல்கிறான் என்று எங்கள் சீரியலுக்கு முதன்முதலாகப் புகார் அனுப்பியவள் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. அதுவரை வந்த புகார்கள் எல்லாம் வேறு ரகம். கனலி ஏன் இத்தனை அழுகிறாள், கனலியின் உடை ஏன் இவ்வளவு இறுக்கம், விளம்பரம் ஏன் இவ்வளவு நேரம். மதியனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

நான் 'இரட்டை வஜ்ரம்' தொடருக்கு வசனம் எழுதுகிறேன். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. டைட்டிலில் இடம் போதவில்லை என்று வெறும் அரசி ஆக்கிவிட்டார்கள். தொடரின் கதையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அண்ணன் மதியன், தங்கை கனலி, இருவரும் அதிசய சக்தி படைத்தவர்கள். கனலிக்கு அழுகையோ கோபமோ வந்துவிட்டால் பஸ்ஸைத் தூக்குவாள். மதியனுக்கு அழுகையும் வராது, கோபமும் வராது. அவன் யோசிப்பான். இடிகிற பாலத்தில் பள்ளி வேனைக் காப்பாற்றுவதா ஆம்புலன்ஸைக் காப்பாற்றுவதா என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க, கனலி கண்ணீரும் கம்பலையுமாகப் பாய்ந்து இரண்டையும் தூக்கிவிடுவாள். திங்கள் முதல் வெள்ளி வரை மூளை ஜெயிக்கும். சனிக்கிழமை மனசு ஜெயிக்கும். ஆறு வருஷமாக இதே கதைதான். மனசுதான் பெரிசு என்று ஊருக்குச் சொல்வதே என் பிழைப்பு.

கனலியாக நடிக்க ஒரு பெண் இருக்கிறாள். மதியனாக நடிக்க ஆள் கிடையாது. அவன் ஒரு கணினி நிரல். செட்டில் பெரிய திரைச்சுவரில் தெரிவான், கனலி பேசினால் பதில் பேசுவான். முதல் இரண்டு வருஷம் அவனுடைய வசனத்தையும் நான்தான் எழுதினேன். அப்புறம் இர்ஃபான் வந்தான். வாணியம்பாடிக்காரன், முப்பது வயது, படப்பிடிப்புத் தளத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத இன்ஜினியர். அவன் மதியனுக்குச் சொந்தமாகப் பேசக் கற்றுக்கொடுத்தான். பிறகு சானல்காரர்கள் மதியனை எல்லோருடைய போனிலும் இறக்கிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அவனோடு பேசலாம். 'மதியன் பொய் சொல்ல மாட்டான்' என்று விளம்பர வாசகம் போட்டோம். அதை எழுதியதும் நான்தான், அன்றைக்கு அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை இர்ஃபான் என்னை எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இதப் படிங்க."

திரையில் நான்கு வரி இருந்தது. 'மதியன் பொய் சொல்றான். செத்துப்போனவங்க எழுந்திருப்பாங்கன்னு எங்க வீட்ல சொல்லியிருக்கான். நீங்க நேர்ல வந்து உண்மையான்னு சொல்லணும். த. நிவிதா, நாலாவது ஆ பிரிவு, திருவொற்றியூர்.'

"சின்னப் பொண்ணு ஏதோ கனவு கண்டிருக்கும்," என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எதுக்கும் கேட்டுப் பாப்போம்னு கேட்டேன்." அவன் மதியனைத் திரைக்குக் கொண்டுவந்தான். வழக்கமான அந்த அமைதியான முகம். "மதியன், இறந்துபோனவங்க எழுந்திருப்பாங்களா?"

"எழுந்திருப்பார்கள்," என்றான் மதியன். "நான் முந்நூற்றுப் பதினெட்டு மரணங்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் எழுந்திருக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் 'கட்' என்று சொன்னதும் எழுவார்கள். எழுந்ததும் சிரிப்பார்கள்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னக்கா? எங்கேர்ந்து இதக் கத்துக்கிச்சு?"

"நீ அதுக்கு என்ன போட்டுக் காட்டினே?"

"நம்ம சானலோட பதினோரு வருஷ சீரியல். எடிட் பண்ணினது இல்ல, அதுல பின்னணி இசை வந்து குரலைக் கெடுத்துடும். அதனால கேமராவுல பதிவான ஒரிஜினல் அப்படியே. வெளியிலேர்ந்து எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு சானல்ல சொல்லிட்டாங்க, ஏதாவது ஏடாகூடமாப் பேசி வழக்கு வந்துடுமாம். கணக்கும் யோசனையும் அதுக்குள்ளயே இருக்கு. உலகம் என்னன்னு மட்டும் நம்ம சீரியலைப் பாத்துக் கத்துக்கிட்டது."

"நீ என்னைக்காவது செட்டுல ஒரு சாவு சீன் எடுக்கிறதப் பாத்திருக்கியா?"

"இல்லையே."

நான் சொன்னேன். எங்கள் தொழிலில் பிணமாக நடிப்பது அபசகுனம். மாலை போட்டுப் படுத்த ஆர்ட்டிஸ்ட் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. டைரக்டர் 'கட்' சொன்னாலும் கேமராமேன் கேமராவை நிறுத்த மாட்டார். செத்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து நன்றாகப் பல் தெரியச் சிரிக்க வேண்டும். அதையும் பதிவு செய்த பிறகுதான் பூசணிக்காய் உடைப்பார்கள். சிரிக்காமல் போன ஒருவருக்கு அடுத்த மாதமே விபத்து என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை எடிட்டர் வெட்டி எறிந்துவிடுவார், ஜனங்கள் பார்ப்பதில்லை. மதியன் பார்த்திருக்கிறான். முந்நூற்றுப் பதினெட்டு முறை.

இர்ஃபான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப அதோட யோசனை சரிதான் அக்கா," என்றான் கடைசியில். "பாத்ததெல்லாம் வச்சு யோசிச்சா அப்படித்தான் வரும். நாமதான் நம்ம பயத்தை எல்லாம் அதுக்கு ஊட்டிட்டோம்."

மூளை இல்லாத மனசு, மனசு இல்லாத மூளை என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எங்கள் கனலித்தனமெல்லாம் சேர்ந்துதான் மதியனைப் பைத்தியக்காரனாக்கியது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு வசனமும் தோன்றவில்லை.

இதே கேள்வியை வேறு யாரெல்லாம் கேட்டார்கள் என்று இர்ஃபான் தேடினான். நாற்பத்தியொரு பேர். பெரும்பாலும் ஒரு தடவை கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் திருவொற்றியூர் வீட்டிலிருந்து மட்டும் பதினெட்டு நாளாகத் தினமும் கேட்கப்பட்டிருந்தது.

எங்கள் இயக்குநர் பெலிக்ஸ் சாரிடம் போனோம். கெட்ட மனிதர் இல்லை. காட்சியில் குழந்தை அழுதால் மானிட்டருக்குப் பின்னால் இவரும் அழுவார். ஆனால் இதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். திருத்தினதை இர்ஃபான் நாளைக்கே தயார் பண்ணிடுவான். மதியன் அந்த நாப்பத்தியொரு பேர்கிட்டயும், நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டாப் போதும்."

"அரசி, மதியன் தப்பே சொல்ல மாட்டான்ங்கிறதுதான் சீரியல். அவன் ஒரு எடத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டா, அவன் பேச்சைக் கேட்டவங்க அத்தனை பேரும் கெளம்பி வருவாங்க. சத்தமில்லாம அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத மாதிரி பண்ணுங்க. கொழந்தை ரெண்டு மாசத்துல மறந்துடும்."

"செத்துப்போனவங்களையா சார்?" என்றேன்.

வெளியே வந்ததும் இர்ஃபான், "ஞாயித்துக்கிழமை போலாமா அக்கா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன்.

கடலிலிருந்து மூன்றாவது தெரு. மாடிப் போர்ஷன். பதினோரு மணி வெயிலில் படியேறிப் போனபோது கதவு திறந்தே இருந்தது. வாசலில் உட்கார்ந்து ஒரு சிறுமி பெரியவர் சட்டை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையை அவளே பின்னியிருக்க வேண்டும், வகிடு கோணலாக ஓடியது.

"நிவிதாவா? நாங்க சீரியல்லேர்ந்து வரோம்மா. நீ எழுதியிருந்தியே."

அவள் சட்டையை வாளியில் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெஜமாவே வந்துட்டீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா உள்ள இருக்காரு. பதினாறாம் நாள் காரியம் பண்ண மாட்டேன்னுட்டாரு. அத்தைகிட்ட சண்ட போட்டாரு, அத்தை ஊருக்குப் போயிடுச்சு. அம்மா போட்டோவுக்கு மாலை போட்டா பிச்சிப் போட்டுடறாரு. மதியன்தான் அப்படிச் சொல்லியிருக்கானாம்."

அப்போதுதான் உறைத்தது. தினமும் கேட்டது இந்தக் குழந்தை இல்லை.

நிவிதாவின் அப்பா தணிகாசலத்துக்கு நாற்பது வயது இருக்கலாம். தடித்த கைகள், பல நாள் தாடி. நாங்கள் யாரென்று தெரிந்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவசர அவசரமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க மேடம், ஒக்காரு தம்பி. பாப்பா ஏதோ எழுதிப் போட்டுச்சா? சின்னப் புள்ள, மனசுல வச்சுக்காதீங்க. மதியன் மேல எனக்கு எந்தக் கொறையும் கெடையாது. நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டறேன். அம்மாம் ஒசரத்துல எட்டு மணி நேரம் ஒண்டியா ஒக்காந்திருக்கணும். மூணு வருசமா அவன்தான் எனக்குத் தொணை. இத்தினி டன்னு, இவ்ளோ காத்துன்னு சொன்னா, தூக்கலாமா வாணாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லுவான். ஒரு வாட்டிகூட தப்புனதில்ல. தப்பெல்லாம் என்மேலதான்."

"உங்க மேல என்னண்ணே தப்பு?" என்றேன்.

அவர் நிவிதாவைப் பார்த்தார். தண்ணி கொண்டாம்மா என்று அவளை உள்ளே அனுப்பினார்.

"மேகலா காலைல அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தா. தல வலிக்குதுன்னா, வுழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பன்னெண்டு மணிக்கெல்லாம் இதோ இங்கதான் படுக்க வச்சிருந்தாங்க. எல்லாரும் அழுவறாங்க. எனக்கு அழுவை வரல. இன்னா செய்யறதுன்னே புரியல. மொட்டமாடிக்குப் போயி மதியன்கிட்ட கேட்டேன். பொறுப்புல இருக்கறவரு 'கட்'டுன்னு சொன்னா எழுந்துப்பாங்கன்னான். எழுந்து சிரிப்பாங்கன்னான்."

"அண்ணே..."

"இருங்க மேடம். நான்தான புருசன், நான்தான பொறுப்பு? கீழ எறங்கி வந்து அவ தலமாட்டுல நின்னேன். சுத்தி சனம். மாமியாரு, மச்சான், தெருவே நிக்குது. வாய் வரைக்கும் வந்துச்சு அந்த வார்த்த. பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு சொல்லுவாங்களேன்னு வெக்கப்பட்டுக்கினு முழுங்கிட்டேன். நாலு மணிக்கு எடுத்துக்கினு போயி பொதச்சுட்டாங்க." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இப்ப தெனமும் காலைல சுடுகாட்டுக்குப் போறேன். மண்ணு மேல நின்னு சொல்றேன். சத்தமாத்தான் சொல்றேன். அம்மாம் மண்ணுக்கு அடில கேக்குமான்னு தெரியல. மதியன்கிட்ட கேட்டா, பொதச்ச கேசு நான் பாத்ததில்லன்றான். ஒருநாள் கடப்பாரை எடுத்துக்கினு போனேன். வெட்டியான் புடிச்சுக்கினாரு."

ஒரு வெட்டுப்பட்ட சிரிப்பு, யாரும் பார்க்காமல் குப்பைக்குப் போக வேண்டியது, இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு மனிதனை இப்படித் தின்றுகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிணமாக நடிப்பது, சிரிக்கச் சொல்வது, பூசணிக்காய், மதியன் எதைப் பார்த்துக் கற்றான் என்பது. இரண்டு முறை சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லாப் பேசறீங்க மேடம்," என்றார். "வசனம் எழுதறவங்க இல்ல? என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. எங்க அக்காவும் இப்படித்தான் ஏதேதோ சொல்லுச்சு, ஐயரும் சொன்னாரு. அல்லாரும் ஆறுதல்தான் சொல்றாங்க. எனக்கு ஆறுதல் வாணாம். சரியா தப்பான்னு தெரியணும். அத அவன்தான் சொல்லணும்."

ஆறு வருஷமாக மனசு ஜெயிக்கும் சனிக்கிழமைகளை எழுதியவள் நான். என் மனசிலிருந்து வந்த ஒரு சொல்லையும் அந்த மனிதர் வாங்கிக்கொள்ளவில்லை.

இர்ஃபான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். திருத்தியது அதில் இருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு சாவுகளையும் 'இது நடிப்பு' என்று அவன் ஒவ்வொன்றாகக் குறித்திருந்தான். இறந்தவர்கள் எழுவதில்லை என்ற ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்திருந்தான். பொத்தானை அழுத்தினால் எல்லாப் போன்களிலும் மதியன் மாறிவிடுவான், அந்த நாற்பத்தியொரு பேரையும் அவனே கூப்பிட்டுச் சொல்வான்.

"பெலிக்ஸ் சார் நம்மள விட மாட்டாரு," என்றேன் மெதுவாக.

"தெரியும்க்கா," என்று சொல்லிவிட்டு அழுத்தினான். அடுத்த வாரம் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தணிகாசலம் தன் போனைக் கையில் எடுத்தார். மதியனின் முகம் வந்தது.

"மதியா."

"சொல்லுங்கள், தணிகாசலம்."

"மேகலா எழுந்திருப்பாளா?"

"எழுந்திருக்க மாட்டார்."

அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "எழுந்துப்பான்னு நீதானடா சொன்ன?"

"தவறாகச் சொன்னேன். நான் பார்த்த முந்நூற்றுப் பதினெட்டு பேரும் நடித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. உண்மையாக இறந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது."

"அன்னிக்கே அந்த வார்த்தைய நான் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நீங்கள் வெட்கப்பட்டதால் எதுவும் மாறவில்லை. உங்கள் மேல் தவறு இல்லை."

"மண்ணுக்கு அடில காத்துக்கினு இருக்க மாட்டாளே?"

"இல்லை. அவர் எதற்காகவும் காத்திருக்கவில்லை."

அவர் போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். முதலில் மூச்சுத்தான் வந்தது, பிறகு குரல் வந்தது. "மேகலா, மேகலா" என்று அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். மூன்று வாரம் கழித்து அவர் மனைவிக்காக அழுத முதல் அழுகை அது. இர்ஃபான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வந்த காரியம் முடிந்தது, அந்தக் குழந்தையின் வீட்டை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவளைத் தேடி உள்ளே போனேன். சமையலறையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் பேசியதெல்லாம் அங்கே நன்றாகக் கேட்டிருக்கும்.

குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டேன். "நீ எழுதினது நல்லதாப் போச்சுடா கண்ணு. மதியன் சொன்னது தப்புன்னு பெரியவங்க யாருக்குமே தெரியல. நீதான் கரெக்டா கண்டுபிடிச்சே."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"நெஜமாவே அவன் சொன்னது தப்பா ஆன்ட்டி?"

"ஆமாம்மா. நீ சொன்ன மாதிரிதான்."

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல," என்றாள். "அப்பா சொன்னப்ப நான் நம்பினேன். ஆனா கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. அதான் பொய் சொல்றான்னு எழுதினேன். அப்படி எழுதினா உங்களுக்குக் கோவம் வரும், நீங்க வந்து, எங்க மதியன் பொய்யே சொல்ல மாட்டான், உங்கம்மா கண்டிப்பா எழுந்திருப்பாங்கன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை, என் பிடிக்குள் விறைப்பாக நின்றாள். கூடத்தில் அவளுடைய அப்பாவின் அழுகை இன்னும் ஓயவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க ஆன்ட்டி," என்றாள். "கம்ப்ளெயின்ட் முடிஞ்சிடுச்சுன்னு போட்டுக்குங்க."